ஹார்பர் கேட்டில் நீட்டிய கை

காலை ஆறேகால் மணிக்கு என் மகன் கையை நீட்டினான். அந்த நேரத்தில் நான் ராயபுரத்து வீட்டு அடுப்படியில் கருப்பட்டிக் காப்பியை வடிகட்டிக்கொண்டு, மாடியில் தூங்குகிறவனை எழுப்பலாமா, இன்னும் கொஞ்ச நேரம் போகட்டுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஆறேகால் என்பது அவன் சிநேகிதன் சொல்லித் தெரிந்தது. துறைமுகத்து வாசலில் உள்ள கடிகாரத்துக்கு நேர் கீழே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தானாம்.

போர் நடந்துகொண்டிருந்த காலம். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிப்போய், பிறகு ஒவ்வொரு குடும்பமாக வெட்கத்தோடு திரும்பி வந்ததே, அதற்கு அடுத்த வருஷம். நாங்கள் தெற்கேயிருந்து வந்து குடியேறியவர்கள். என் கணவருக்குத் தண்டையார்பேட்டையில் கருப்பட்டி, வற்றல் மொத்த வியாபாரம். நான் பாளையங்கோட்டையில் பயிற்சி முடித்து, ராயபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்தேன். எங்களுக்கு ஒரே பிள்ளை. இன்டர்மீடியட் முடித்துவிட்டு, மேலே என்ன படிப்பது என்று எங்கள் மூவருக்கும் மூன்று அபிப்பிராயம் இருந்ததால் எதுவும் படிக்காமல் வீட்டில் இருந்தான்.

இதை இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் பத்திரிகைகள்தான். சுதந்திரம் வந்து இத்தனை வருஷம் ஆன பிறகு மறுபடியும் அதே பேச்சு. கல்லூரிப் பிள்ளைகள் எல்லாருக்கும் ராணுவப் பயிற்சியைக் கட்டாயமாக்கலாமா, வாலிபர்கள் சில காலமாவது நாட்டுக்கு உழைக்கவேண்டும் என்று சட்டம் போடலாமா என்று பெரியவர்கள் பத்தி பத்தியாக எழுதுகிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதுபோலத்தான் படுகிறது. ஆனால் படித்துக்கொண்டிருக்கும்போதே தெருவில் ஒரு லாரி வேகத்தைக் குறைத்தால், நான் எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுகிறேன்.

எங்கள் வேதக்கோயிலை ஒட்டி ஒரு வாசகசாலை உண்டு. சனிக்கிழமை சாயங்காலங்களில் வாலிபர்கள் கூடி விவாதம் நடத்துவார்கள். அந்த வாரத்துத் தலைப்பு, படைக்கு ஆள் போதாதபோது அரசாங்கம் கட்டாயமாக ஆள் எடுக்கலாமா என்பது. அதைத் தவிர வேறு என்ன தலைப்பு வைத்திருக்க முடியும்? சுவருக்குச் சுவர் பட்டாளத்துக்கு ஆள் கேட்டு நோட்டீஸ். வீட்டுக்கு ஒரு ஆளைப் பிடிக்கப்போகிறார்கள் என்று கீரைக்காரி சொல்வாள். அப்படிச் சட்டம் சீமையில்தான், நமக்கு இல்லை என்று எங்கள் தலைமையாசிரியை சொல்வார். கீரைக்காரி சொன்னதை நான் நம்பினேன், தலைமையாசிரியை சொன்னதை மற்றவர்களுக்குச் சொன்னேன்.

என் மகன் கட்டாயம் வேண்டும் என்ற கட்சி. மூன்று நாள் என் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்று ஒத்திகை பார்த்தான்.

"இப்போது படைக்கு யார் போகிறார்கள்? சோற்றுக்கு இல்லாதவன் போகிறான். சட்டம் வந்தால் பங்களாக்காரன் மகனும் போவான், மூட்டை தூக்குகிறவன் மகனும் போவான். ஆபத்தைச் சமமாகப் பங்கிடாத தேசம் வேறு எதைச் சமமாகப் பங்கிடும்?"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. கீரைக்காரி சொன்னதை நம்பியிருந்தும், அந்த ஆபத்தில் எங்கள் வீட்டுப் பங்கு என்று ஒன்று இருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. 'தேசம்' என்ற இடத்தில் குரலைத் தாழ்த்து, எடுபடும் என்று சொன்னேன்.

எதிர்க்கட்சி அவன் சிநேகிதன். வண்ணாரப்பேட்டையில் தோல் வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. சின்ன வகுப்பிலிருந்து இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. அவன் ரொம்ப அலங்காரம் செய்யாமல், "நம்மைக் கேட்காமல் போரை ஆரம்பித்தவன், நம்மைக் கேட்காமல் ஆளையும் எடுப்பானா? ஒரு மனுஷனை அனுப்புவதற்கு முன்னால் போகிறாயா என்று கேட்கவேண்டும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டானாம். என் மகனுக்குத்தான் கைதட்டல் அதிகம்.

கைதட்டல் ஓய்ந்ததும் பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிறவளின் தம்பி. அவனுக்கும் இருபது வயதுக்குள்தான் இருக்கும். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். படிக்கத் தெரியாது, ஆனால் விவாதம் என்றால் முதல் ஆளாக வந்து பின்னால் உட்கார்ந்துகொள்வான். இன்றைக்கு எங்கள் தெருமுனையில் சைக்கிள் கடை வைத்துக்கொண்டு போகிற வருகிறவர்களையெல்லாம் வம்புக்கு இழுத்துக்கொண்டிருக்கிறான். அன்றும் அதே வாய்தான்.

"சார்வாள் ஷோக்கா பேசினாரு. மூட்டை தூக்கறவன், மூட்டை தூக்கறவன்னு பத்து தபா சொன்னாரு. சார்வாள் ஒரு மூட்டையாச்சும் தூக்கிகீறாரா?"

வாசகசாலை முழுக்கச் சிரித்தது. என் மகன் சிவந்துபோய், "தூக்கினா என்ன? திங்கக்கிழமை வர்றேன்" என்றான்.

"வா நைனா. காலீல ஹார்பர் கேட்டாண்ட வந்துடு. மேஸ்திரி வந்தா கைய மட்டும் நீட்டு. இன்னா வேலை, ஏது வேலைன்னு வாயத் தொறந்தே, பில்லை கிடைக்காது."

பில்லை என்பது நம்பர் அடித்த தகரத் துண்டு. தினமும் விடியற்காலையில் துறைமுகத்து வாசலில் ஆட்கள் கூடுவார்கள். மேஸ்திரி ஒரு பெட்டிமேல் ஏறி நின்று பில்லைகளைக் கையில் குலுக்குவான். நீட்டிய கைகளில் அவனுக்குப் பிடித்த கையில் போடுவான். பில்லை கிடைத்தவனுக்கு அன்றைக்கு வேலை, அவன் லாரியில் ஏறவேண்டியது. நெல்லா, கரியா, உப்பா என்று கேட்டால், கேட்கிறவன் வேலைக்குப் பயப்படுகிறவன் என்று மேஸ்திரி கையை அடுத்தவன் பக்கம் திருப்பிவிடுவான். அதனால் யாரும் கேட்பதில்லை. அப்பா காலத்திலிருந்து கேட்டதில்லை. லாரி உள்ளே போய் நின்ற பிறகுதான் என்ன வேலை என்று தெரியும்.

இந்த விவரமெல்லாம் அன்று காலை எனக்குத் தெரியாது. ஏழு மணிக்குள் அவன் சிநேகிதன் சட்டையெல்லாம் நனைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றான்.

"அம்மா, அவன் லாரியிலே போயிட்டான்."

"யாரு? அவன் மாடியிலே தூங்குறான்."

"இல்லம்மா. விடியறதுக்கு முன்னாடியே சுவரேறிக் குதிச்சு வந்துட்டான். மூட்டை தூக்கறதுக்கு. நான் வேடிக்கை பார்க்கப் போனேன். பில்லை வாங்கி லாரியிலே ஏறினான். லாரி கேட்டுக்கு உள்ளே போகலம்மா. வடக்கே திரும்பிடுச்சு."

"வடக்கேன்னா?"

"பச்சை லாரிம்மா. முன்னாலே காக்கிச்சட்டை ஆள் உட்கார்ந்திருந்தான். பட்டாளத்து லாரி."

என் கணவர் குளித்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டே இதைக் கேட்டார். ஒரு நிமிஷம் துண்டுக்குள்ளேயே முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "பட்டாளம்னா ஆவடில்லா. நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் ஆவடி முகாமுக்கு பலசரக்கு சப்ளை பண்ணுதாரு. அவரைப் பிடிச்சா போதும்" என்றார்.

"லாரி வடக்கே போச்சுங்கிறானே. ஆவடி மேற்கே இல்ல இருக்கு?"

"சுத்திக்கிட்டுப் போவானாயிருக்கும். ஏளா, நீ பதறாத. வெறுங்கையோட போய் நிக்கக்கூடாது. ஒரு சிப்பம் கருப்பட்டி எடுத்துக்கிடுதேன்."

என் கணவருக்கு உலகத்தில் எந்தப் பூட்டுக்கும் சாவி நம் ஊர்க்காரர் ஒருவரிடம் இருக்கும் என்பது நம்பிக்கை. அந்த நம்பிக்கையில்தான் பிழைத்தோம், அதனால் நான் கேலி செய்யமாட்டேன். அவர் வேட்டியைத் தவறான கரை வெளியே தெரியக் கட்டிக்கொண்டு, கடைக்குப் போய் சிப்பத்தை எடுத்துக்கொண்டு, ஆவடிக்கு ரயிலேறிவிட்டார்.

அவர் தெருமுனை திரும்பவும் மீன்காரி வந்து சேர்ந்தாள். கூடை இல்லை. தலையில் சும்மாடு மட்டும் அப்படியே இருந்தது.

"டீச்சரம்மா, உம் புள்ளையும் அதுலதானா? எந்தம்பியும் பூட்டான். மேஸ்திரி பேமானி பட்டாளத்துக்கு ஆள் புட்ச்சிக் குடுக்கறானாம். தலைக்கு இவ்ளோன்னு வாங்கிக்கினானாம். எங்கியோ அஸ்ஸாமாமே, அங்க ரோடு போடறதுக்கு."

தாய் தகப்பன் இல்லாத தம்பியை அவள்தான் வளர்த்தாள். புருஷனை இழந்தபிறகு அவளுக்கும் அவனை விட்டால் யாரும் கிடையாது. என்னைவிட நாலைந்து வயது சின்னவள். அவளும் என் கணவரும் தினமும் வாசலில் பேரம் பேசுவார்கள். அவர் பேசும் திருநெல்வேலித் தமிழ் அவளுக்குப் புரியாது, அவள் பேசுவது அவருக்குப் புரியாது, ஆனாலும் வவ்வால் மீனோ சங்கராவோ வாங்கியாகிவிடும்.

"எங்கே கொண்டு போறாங்கன்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

"எர்ணாவூர் தாண்டி சவுக்குத் தோப்புல கூடாரம் அட்ச்சிகினு கீறாங்களே, அங்கதான். வலைக்காரங்க பாத்துகீறாங்க. வா, போலாம்."

பள்ளிக்கூடத்துக்கு இன்று வரவில்லை என்று பக்கத்து வீட்டில் சொல்லி அனுப்பிவிட்டு, நான், அவள், சிநேகிதன் மூவரும் கிளம்பினோம்.

பெட்ரோல் தட்டுப்பாட்டில் அப்போதெல்லாம் கரிப் புகையில் ஓடும் பஸ். பின்னால் அடுப்பு மாதிரி ஒரு பெரிய தகர உருளையைக் கட்டிவைத்திருப்பார்கள். தண்டையார்பேட்டை தாண்டுவதற்குள் இரண்டு தரம் மூச்சு நின்றுவிட்டது. இரண்டு தரமும் கண்டக்டர் இறங்கி உருளையைக் கம்பியால் குத்தினான்.

மீன்காரி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "இன்னாபா, சோறாக்கினு கீறியா? உலை கொதிச்சா சொல்லு, கொயம்பு நான் கொண்டாறேன்" என்றாள்.

பஸ்ஸில் எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்திருந்த அவள் கை சில்லென்று இருந்தது. அத்தனை வருஷம் அவளிடம் மீன் வாங்கியிருக்கிறேன், அந்தக் கையை அன்றுதான் தொட்டேன்.

திருவொற்றியூரில் இறங்கி மணலில் நடந்தோம். என் செருப்பு அறுந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். எர்ணாவூர் தாண்டியதும் சவுக்குத் தோப்புக்குள் வரிசையாகக் கூடாரங்கள், சுற்றிலும் முள்கம்பி. வாசலில் துப்பாக்கியோடு ஒரு வடக்கத்திச் சிப்பாய் நின்றான். எங்களுக்கு முன்னாலேயே ஐந்தாறு பெண்கள் அங்கே மணலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி கைக்குழந்தையோடு வந்திருந்தாள்.

சிநேகிதனுக்கு வீட்டில் தமிழ்தான் என்றாலும், கடைக்குத் தோல் வாங்க வருகிறவர்களோடு பேசிக் கொஞ்சம் இந்துஸ்தானி பழகியிருந்தது. சிப்பாயிடம் போய்ப் பேசினான். சிப்பாய் கெட்டவன் இல்லை. நின்று பதில் சொன்னான்.

"என்ன சொல்றான்?"

"உள்ளே டாக்டர் பார்த்துக்கிட்டிருக்காராம். அதுக்கப்புறம் துரை முன்னாலே ஒவ்வொருத்தரா நிறுத்தி, இஷ்டம்தானான்னு கேட்பாங்களாம். சரின்னு சொல்றவங்களை சாயங்காலம் எண்ணூர் ஸ்டேஷன்ல ரயிலேத்திடுவாங்களாம்."

"வேண்டாம்னு சொன்னா?"

சிநேகிதன் திரும்பக் கேட்டான். சிப்பாய் தோளைக் குலுக்கினான்.

"விட்டுடுவாங்களாம். சட்டப்படி யாரையும் கட்டாயமா எடுக்கக்கூடாதாம். ஆனா, இதுவரைக்கும் இங்கே யாரும் வேண்டாம்னு சொல்லி அவன் பார்த்ததில்லையாம்."

மீன்காரிக்கு அதைக் கேட்டுக் கொஞ்சம் தெம்பு வந்தது. "அப்ப இன்னா? வேணான்னு சொல்லிட்டு வந்துடுவானுங்க" என்றாள்.

எனக்கு நேர்மாறாக இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் என் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடலாம். அந்த ஒரு வார்த்தையை அவன் சொல்லமாட்டான். பங்களாக்காரன் மகனும் போகவேண்டும் என்று முந்தாநாள் ஊர் முன்னால் பேசியவன், இன்று மூட்டை தூக்குகிறவர்களின் வரிசையில் நின்றுகொண்டு, அதிலும் அந்தத் தம்பி பக்கத்தில் நிற்கும்போது, எனக்கு வேண்டாம் என்று எப்படிச் சொல்வான்? அவன் அப்பாவின் பிடிவாதமும் என்னுடைய ரோஷமும் சேர்ந்து செய்த பிள்ளை அவன். காய்ச்சலில் கிடக்கும்போதுகூட, கஞ்சி வேண்டாம் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் பசித்தாலும் கேட்கமாட்டான்.

நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். சிநேகிதன் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான். "அவனைத் தோக்கடிக்காம விட்டது என் தப்பும்மா. நான் இன்னும் நல்லாப் பேசியிருக்கணும்" என்றான். அந்த நிலைமையிலும் எனக்கு அவன்மேல் அப்படி ஒரு பிரியம் வந்தது.

உச்சி வெயிலில் மேஸ்திரி பீடி பற்றவைத்துக்கொண்டு வெளியே வந்தான். நல்ல பருமன், கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை. மீன்காரி எழுந்ததை நான் பார்க்கவில்லை. தலையிலிருந்த சும்மாட்டை உருவி அவன் கன்னத்தில் ஒரு வீச்சு வீசியதைத்தான் பார்த்தேன். பீடி மணலில் விழுந்தது.

"இன்னாக்கா, அட்ச்சிட்டே! நான் இன்னா பண்ணேன்? எவனையாச்சும் கைய புட்ச்சி இஸ்துகினு வந்தேனா? தெனமும் குடுக்கற மாரி பில்லை குட்த்தேன். அவனுங்களா வாங்கினானுங்க, அவனுங்களா ஏறிகினானுங்க."

"பட்டாளத்துக்குன்னு சொன்னியாடா?"

"தெனமும் இன்னா வேலைன்னு சொல்றேனா? எவனாச்சும் கேக்கறானா? உந்தம்பியவே கேளு, எத்தினி வருசமா எங்கிட்ட வேலை செய்றான், ஒரு நாளு கேட்டுகீறானா?"

அவள் இரண்டாவது அடிக்கு ஓங்கிய கையை இறக்கிவிட்டாள். அவன் சொன்னது பொய் இல்லை என்பதுதான் காரணம். சும்மாட்டை உதறி மறுபடி தலையில் வைத்துக்கொண்டாள்.

நான் என் மகனைப் பற்றிக் கேட்டேன்.

"ஓ, அந்தப் பட்ச்ச புள்ளையா? அவன் உங்க புள்ளையாம்மா? தொர அவன தன் பக்கத்துல நிக்க வெச்சிகினாரு. இங்கிலீஷு சும்மா பொளந்து கட்றான். ஆளுங்களுக்கு எட்த்து சொல்றதுக்கு அவந்தான். நீங்க இன்னாத்துக்கு அழுவறீங்க? அவன மண்ணு வெட்ட உடமாட்டாங்க. எழுத்து வேல குட்த்து, நாற்காலி போட்டு குந்த வெப்பாங்க."

ஆறுதலாகச் சொன்னான், பாவம். எனக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் அதோடு போனது. மண்வெட்ட வந்தவர்களில் ஒருவனை விட்டாலும் விடுவார்கள், இங்கிலீஷ் தெரிந்த பிள்ளையை ஏன் விடப்போகிறார்கள்?

"கூப்ட்டுப் பாக்கலாம்" என்றாள் மீன்காரி. முள்கம்பி ஓரமாகப் போய் நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு, மூன்று தெருவுக்குக் கேட்கிற தன் குரலை எடுத்தாள்.

"டேய், டீச்சரம்மா புள்ளே! வேணான்னு சொல்லிட்டு வாடா! எந்தம்பியாண்டயும் சொல்லுடா! அம்மா இங்க நிக்குதுடா!"

கூடாரங்களுக்குள்ளிருந்து இரண்டு மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன. எங்கள் பிள்ளைகளின் தலை இல்லை. சிப்பாய் ஓடிவந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவளைக் கையெடுத்துக் கும்பிட்டு நகரச் சொன்னான்.

பிறகு காத்திருப்பதைத் தவிர வேலையில்லை. கைக்குழந்தைக்காரிக்கு யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். நான் எனக்குத் தெரிந்த ஜெபத்தையெல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டு, வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்தேன். சும்மா இருந்தால் நினைவு போகிற இடம் பயமாக இருந்தது.

வெயில் இறங்கியதும் படுதா போட்டு மூடிய இரண்டு லாரிகள் வாசலைத் தாண்டி வெளியே வந்தன. எல்லாப் பெண்களும் ஓடினோம். ஆளாளுக்கு ஒரு பெயரைக் கத்தினோம். இத்தனை பெயர் ஒன்றாகக் கேட்டால் உள்ளே இருப்பவனுக்கு எது தன் பெயர் என்று தெரியும்? லாரி மணலைத் தாண்டித் தார்ரோட்டில் ஏறியதும் வேகம் எடுத்துவிட்டது. படுதாவைத் தூக்கி ஒரு கைகூட வெளியே வரவில்லை.

சிநேகிதன் மட்டும் பின்னாலேயே எண்ணூர் ஸ்டேஷன் வரைக்கும் ஓடினான். அவன் திரும்பி வந்தபோது முகம் கறுத்திருந்தது.

"ரயில் போயிடுச்சும்மா. பிளாட்பாரத்துக்கே விடலை."

"முகாமுக்குள்ளே யாராவது இருக்காங்களான்னு கேளுப்பா."

கேட்டான். உள்ளே யாரும் இல்லை, இன்றைக்கு எல்லாம் முடிந்தது, போங்கள் என்று சிப்பாய் சொன்னான்.

திரும்பி வந்த பஸ் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. போகும்போது நின்று நின்று போனதே, அதுபோல வரும்போதும் நின்றிருக்கலாம் என்று இருந்தது. வீட்டுக்குப் போய் என்ன செய்யப்போகிறேன்?

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்தோம். குண்டு விமானத்துக்கு வெளிச்சம் தெரியக்கூடாது என்று தெருவிளக்குகளுக்குக் கறுப்புத் தகரத் தொப்பி போட்டிருந்த நாட்கள். மங்கலில், எங்கள் வாசற்படியில் யாரோ உட்கார்ந்திருப்பது தெரிந்து ஓடினேன். என் கணவர். பக்கத்தில் கருப்பட்டிச் சிப்பம், கட்டு அவிழாமல்.

"ஆவடில இல்ல. எல்லா முகாமிலயும் கேட்டுப் பாத்தாச்சு. நம்ம ஊர்க்காரர் நல்லா கவனிச்சாரு, சாப்பிட வச்சாரு. கருப்பட்டிய மட்டும் வாங்கிக்கிட மாட்டேன்னுட்டாரு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். இல்லை என்று தலையை ஆட்டினேன். சிப்பத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனவர், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கூடத்தின் நடுவில் அப்படியே நின்றார்.

மீன்காரி வழக்கம்போல வாசலிலேயே நின்றுவிட்டாள். "உள்ளே வாம்மா" என்றேன். "வேணாம் டீச்சரம்மா, மேலெல்லாம் கவுச்சி" என்றாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து கூடத்துப் பெஞ்சில் உட்காரவைத்தேன். என் கணவர் ஒரு தட்டில் சோற்றைப் போட்டு அவள் முன்னால் வைத்து, "சாப்பிடு தாயி. காலம்பற திரும்ப ஓடணும்லா. அஸ்ஸாமுன்னா என்ன, அங்கயும் நம்ம ஆளுக இருப்பாங்க. கண்டுபிடிச்சிரலாம்" என்றார். அவர் பேசியதில் அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. தட்டை மடியில் வைத்துக்கொண்டு முதன்முதலாக அழுதாள். சிநேகிதன் வீட்டுக்குப் போகாமல் மாடிப்படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அப்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்கவில்லை. வெறுங்கால் சத்தம்தான் கேட்டது.

என் மகன் உள்ளே வந்தான். சட்டையில் ஒரு தோள் கிழிந்திருந்தது. முழங்கால் வரைக்கும் ஈர மணல். எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "தண்ணி" என்றான்.

யாரும் நகரவில்லை. கடைசியில் சிநேகிதன்தான் எழுந்துபோய்ச் சொம்பை எடுத்துவந்தான். குடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சொன்னான். வார்த்தை முன்னும் பின்னுமாக வந்தது.

"துரை இஷ்டமான்னு இங்கிலீஷ்ல கேட்பாரு. ஹவில்தார் அதை ஒரு அதட்டுல அதட்டுவாரு. இவங்க எல்லாரும் என்ன கேட்டாங்கன்னே தெரியாம, சரிங்க, சரிங்கன்னாங்க. பில்லை வாங்கியாச்சு, இனிமே சொன்ன வேலையைச் செய்யணும்னு நினைச்சிட்டாங்கம்மா. எனக்கு இங்கிலீஷ் தெரியும்னதும் துரை என்னை எடுத்துச் சொல்லச் சொன்னாரு. நான் முழுசா சொன்னேன். 'இது பட்டாளம். அஸ்ஸாம் மலையிலே ரோடு போடணும். பில்லை வாங்கினதாலே போயே ஆகணும்னு இல்லை. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லலாம், அடிக்கமாட்டாங்க'ன்னு. அப்புறம் ஒரு பெரியவர், 'மெய்யாலுமா?'ன்னு கேட்டாரு. அவர் வரிசையை விட்டு வெளியே வந்ததும் ஒவ்வொருத்தரா வந்துட்டாங்க. பாதிக்கு மேலே வந்தாச்சு. ஹவில்தார் என் சட்டையைப் பிடிச்சிட்டான். துரைதான் விடச் சொன்னாரு. என்னைப் பார்த்து, வெளியே போன்னாரு. எங்களையெல்லாம் பின்பக்கமா, உப்பங்கழி வழியா துரத்திட்டாங்க. அங்கேயிருந்து கடற்கரையோட நடந்தே வர்றேன்."

"உன்னைக் கேட்டாங்களா? இஷ்டமான்னு?" என்றேன்.

"என்னைக் கேட்கவே இல்லம்மா."

"கேட்டிருந்தா?"

அதுவரைக்கும் அவன் கண் போகாமல் இருந்த இடத்துக்குப் போனது. பெஞ்சில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, இவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள் மீன்காரி. அவள் கேட்கவேண்டியதைக் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று இருந்தாள்போல.

அவன் எழுந்துபோய் அவள் காலடியில் குந்தி உட்கார்ந்தான்.

"அக்கா, அவனைத் தனியா இழுத்து வச்சு ரெண்டு தடவை கேட்டேன். மலை, மழை, காய்ச்சல், குண்டு எல்லாம் சொன்னேன். முதல் தடவை, 'நீ வாசகசாலைல பேசினதைவிட இப்ப ஷோக்கா பேசறே'ன்னு சிரிச்சான். ரெண்டாவது தடவை, பூட்ஸு குடுப்பாங்களாமே, அது நமக்கே நமக்கா, இல்ல திருப்பி வாங்கிப்பாங்களான்னு துரைகிட்டே கேட்கச் சொன்னான். கேட்டேன். நமக்குத்தான்னாரு. 'அப்ப நான் போறேன். அக்காவாண்ட நானாத்தான் போனேன்னு சொல்லு, இல்லாங்காட்டி அது மேஸ்திரிய அட்ச்சிடும்'னான்."